காலால் பிறந்த உண்ணாமலையின் முதுகு

எறையூர்ப் பக்கம் யாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டாலும் கடைசி மேல்முறையீடு உண்ணாமலையிடம்தான். பிறக்கும்போது தலைக்குப் பதில் காலை முதலில் நீட்டிய ஒரே தகுதியில், முப்பது வருடமாக ஊர் முதுகுகளை உதைத்துவந்தார். குப்புறப் படுக்க வேண்டும், மூன்று உதை, எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். திருப்பி உதைத்தவர் எவருமில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கே இந்தத் தை மாதம் ஆபத்து வந்தது. கரும்புக் கட்டைக் குனிந்து தூக்கியபோது இடுப்பில் ஒரு ‘சடக்’. வலி அங்கே புறப்பட்டு, தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்காலுக்கு இறங்கி, பெருவிரலில் போய் மரத்து நின்றது. ஊரே ஆடிப்போனது. தன் முதுகைத் தானே உதைத்துக்கொள்ளும் வசதியை ஆண்டவன் எவருக்கும் செய்து தரவில்லையே!

வீட்டுக்காரர் அமிர்தலிங்கம் பத்து நாள் விசாரித்து, காலால் பிறந்த இன்னொருவரை அரியலூரில் கண்டுபிடித்தார். சிமென்ட் லாரி டிரைவர் அஜித்குமார். பஸ் பிடித்து இருவரும் போனார்கள். வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்ற ஆளைப் பார்த்ததும் உண்ணாமலைக்கு மூச்சு நின்றுவிட்டது.

“ஏங்க, இவரு எத்தன கிலோ?”

“தெரியலீங்க அத்த. எடைமேடையில லாரியோடதான் ஏறுவேன்,” என்றார் அஜித்குமார் பணிவாக. “வந்து படுங்க. லேசாத்தான் மிதிப்பேன்.”

உண்ணாமலை பாயை நோக்கி நாலடி வைத்தார். அஜித்குமாரின் முகம் மாறியது.

“அத்த, ஒத்தச் செருப்பு தெருவுலயே கெடக்கு. கழண்டது தெரியலையா?”

தெரியவில்லை. பாதம் தரையில் இழுபட்டது. தூக்கச் சொன்னால் தூக்க மறுத்தது. அஜித்குமார் ஓரடி பின்வாங்கினார்.

“மாமா, இது நான் மிதிச்சுத் தீர்ற சமாச்சாரம் இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயசித்ரா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“எலும்புக்கு எலும்பு நடுவுல மெத்தை மாதிரி ஒரு டிஸ்க் இருக்கும்மா. சுத்தி கெட்டி வளையம், உள்ள கொழகொழன்னு. வளையம் கிழிஞ்சு, உள்ள இருக்கறது பிதுங்கி, காலுக்குப் போற நரம்ப அழுத்துது. மொதல்ல மாத்திரை, பயிற்சி. வெயிட் தூக்காதீங்க, படுத்தே கெடக்காதீங்க. பாதம் இன்னும் பலம் கொறைஞ்சாலோ, ஒண்ணுக்குப் போறது கட்டுப்பாட்டுல இல்லாமப் போனாலோ உடனே ஓடி வரணும், ஆபரேஷன் வரைக்கும் போவும். யாரையும் முதுகுல மிதிக்க விடாதீங்க.”

“மிதிக்கறதே நாந்தாங்க,” என்றார் உண்ணாமலை ஈனஸ்வரத்தில். “எங்கிட்ட வந்தவங்கள்லாம் சரியாப் போனாங்களே?”

“பெரும்பாலும் சில வாரத்துல தானாவே சரியாயிடும்மா. நீங்க உதைக்கலன்னாலும்.”

நரம்பு அழுத்தியதைவிட இது ஆழமாக இறங்கியது. 

ஊர் திரும்பியதும் தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். ஏழாவது வாரம் பெருவிரல் அசைந்தது. அடுத்த சில நாளில் பாதமே மேலெழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த அமிர்தலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு குப்புறப் படுத்தார்.

“காலு வந்துடுச்சுல்ல புள்ள, ஒரு ஒதை வுடு. நேத்துலேருந்து எனக்குப் புடிப்பு.”

“காலு மரத்துப் போவுதா?”

“இல்ல.”

“ஒண்ணுக்கு?”

“அதெல்லாம் நல்லாப் போவுது.”

“அப்ப எந்திரிச்சு நடங்க. தானாப் போயிடும்.”

இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் மனைவி உதைக்க மறுத்தது அதுவே முதல் தடவை. அமிர்தலிங்கம் பாயிலிருந்து தலையைத் தூக்கி, பேயறைந்தவர்போல் பார்த்தார்.

“நான் என்ன தப்பு பண்ணேன்?” என்றார்.