ஒரே நம்பரில் இரண்டு குடும்பம்

கனிமொழிக்கு நாற்பத்தொன்பது வயது. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர். பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டிப் போனது எல்லாம் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்துதான். அப்பா ஓய்வு பெற்றார், வீட்டைக் காலி செய்தார்கள், அதோடு சரி. இப்போது பாரிவாக்கத்தில் வாடகை வீடு. வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

குவார்ட்டர்ஸ்காரர்களின் பழைய போட்டோக்களை இணையத்தில் ஏற்றலாம் என்று கல்லூரி முடிவு செய்தபோது, அது வேறு யார் தலையில் விழும்? இரண்டு வருஷம், தினமும் வேலை முடிந்த பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினாள். நாடக மேடை, ஆயுத பூஜை, கோலப் போட்டி. படத்தில் யார், எந்த வருஷம், எந்த வீடு என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கல்லூரித் தளத்தில் அடித்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு படம். வாரம் ஒருமுறை பெரிய தளம் ஒன்று வந்து அந்த விவரங்களைத் தானாக எடுத்துப்போகும். பல ஊர் நூலகங்கள், அருங்காட்சியகங்களின் விவரமெல்லாம் அங்கே ஒரே இடத்தில் தேடக் கிடைக்கும்.

முதல் முறை எடுத்துப்போன மறுநாளே ஜமீலாம்மாவின் போன். செத்துப்போன அவர் கணவர் காதர் ஃபேக்டரியில் பெயிண்டர்; குவார்ட்டர்ஸ் நாடகங்களுக்குப் பின்னால் தொங்கும் படுதா வரைந்தவரும் அவர்தான்.

"இன்னா கனி, எங்க ஊட்டுக்காரரையே காணோம்? எங்க ஊட்டு நம்பரப் போட்டுத் தேடுனா நாகப்பன் பேரன் மொட்ட அடிச்ச படம் வருது!"

"பாக்கறேம்மா."

"துபாய்லருந்து பேத்தி வந்துகீது. தாத்தா வண்டிக்குத்தான பெயிண்ட் அடிச்சாருன்னு கேக்குது. வர்ற ஞாயித்துக்கெழம பிளேன் ஏறுது. அதுக்குள்ள பெரிய தளத்துல அவரு பேர அடிச்சா அவரு வரணும், ஆமா."

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வெங்கட்டிடம் போனாள். அவன் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"அக்கா, ஒவ்வொரு படத்துக்கும் தனி நம்பர் குடுக்கச் சொன்னா, ஊட்டு நம்பரப் போட்டுகீறீங்களே!"

வேறு எதைப் போடுவாள்? குவார்ட்டர்ஸில் யாருக்குப் பெயர் இருந்தது? நூற்றுப் பதினாலு வீட்டம்மா, இருநூற்றிரண்டு வீட்டுப் பையன் என்றுதான் கூப்பிடுவார்கள். காதர் காலி செய்த நூற்றுப் பதினாலுக்குத்தான் நாகப்பன் குடிவந்தார். ஒரே நம்பர் வந்ததும் கல்லூரித் தளத்திலேயே பழைய விவரத்தின் மேல் புதியது ஏறி உட்கார்ந்துவிட்டது. முன்னூற்று எண்பத்தொன்று அழிந்துபோயிருந்தது.

"ஊட்டு நம்பர் ஆவாதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும் நைனா."

"படம் பத்திரமாத்தான் கீது. விவரத்த மட்டும் திரும்ப அடிக்கணும். சனிக்கெழம மறுபடி எடுப்பாங்க. இப்போதைக்கு அந்தம்மாவோடத மட்டும் போட்டு வுடுங்களேன்."

"மத்தவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

தாள்களைத் தூக்கிப் போடாமல் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். அந்த மட்டில் புண்ணியம். புது நம்பர் போட்டுக் காதரை முதலில் அடித்தாள். அப்புறம் கையில் வந்தவர்களை எல்லாம் அடித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூலகம் பூட்டும்போது நூற்று நாற்பது ஆகியிருந்தது. கண் எரிந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன்.

"வந்துட்டாரு கனி! பேர அடிச்சவுடனே, படுதா முன்னாடி பிரஷ்ஷோட நிக்கறாரு."

"பேத்தி பாத்துச்சா? அழுதுச்சா?"

"அது இன்னாத்துக்கு அழுவுது? தாத்தாவுக்கு இம்மாம் பெரிய மீசையான்னு சிரிக்குது. அத்தன பேருக்கும் அனுப்பிகினு கீது. ஆனா பக்கத்துல நிக்கறவன வேலுசாமின்னு போட்டுகீற. அது அமல்ராஜ்டி."

"நீங்கதானம்மா சொன்னீங்க?"

"அன்னிக்கு நான் கண்ணாடியே போடல. மாத்திடு கண்ணு."

கனிமொழிக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. இன்னும் அடிக்க வேண்டியது இருநூற்று நாற்பத்தொன்று இருந்தது. கட்டிலை விட்டு இறங்காமலே கையை நீட்டி, பேனாவைத் தேடினாள்.