வலிக்குமோ?

நான் புகை பிடிக்கிறவள். என்னைக் காப்பாற்ற நினைத்த ஒரு மருத்துவரிடம், என் அம்மாவின் வாயாலேயே அது இல்லையென்று சொல்லவிட்டவள்.

முகம் சுளிக்கிறீர்களா? முழுவதையும் கேட்டால் இன்னும் சுளிப்பீர்கள்.

அம்மா கேரளத்து ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவள். அவள் தங்கை, என் சித்தி, கருப்பை வாய்ப் புற்றுநோயில் இளம் வயதிலேயே போய்விட்டாள். நான் பத்தாவது படிக்கும்போது அந்த நோய்க்கான தடுப்பூசி முகாம் நடந்தது. போட்டால் பிள்ளை பிறக்காது என்று எங்கள் தோட்டக் குடியிருப்பான லயம் முழுக்கப் பேச்சு. அம்மா யாரையும் சட்டை செய்யாமல் என்னை இழுத்துப் போய் வரிசையில் முதலில் நின்றாள். அன்றோடு அந்தப் பயம் தீர்ந்தது என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

புகை, கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்டது. தேநீர் இடைவேளையில், கிடங்கின் பின்னால், தோழிகளோடு... அம்மா கொடுத்தனுப்பும் ஏலக்காயை மென்று வாடையை மறைப்பேன். ஊருக்குப் போனால் அவள் என் கன்னத்தை முகர்ந்து, "நம்மூரு வாசம் இன்னும் போகல பாரு" என்பாள்.

சென்ற ஆண்டு விடுமுறையில் என் கருப்பை வாய்ப் பரிசோதனை முடிவு வாங்க இருவரும் போனோம். மருத்துவர் மலையாளி. செல்களில் சிறு மாற்றம் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுக்காதாம். மிச்சத்தைப் பெரும்பாலும் உடம்பே போராடி வெளியேற்றிவிடுமாம். அடுத்த ஆண்டு மறுபடி பார்ப்போம் என்றவர், என்னிடம் கேட்டார்.

"வலிக்குமோ?"

மலையாளத்தில் அதற்குப் 'புகைப்பாயா' என்று பொருள். மலையாளத்தில் படித்த எனக்கு அது தெரியாதா? அம்மாவுக்கும் தெரியும். ஆனால் தன் மகளிடம் ஒருவர் அப்படிக் கேட்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நோவைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள்.

"ஒரு வலியும் கிடையாது டாக்டரம்மா. ஊசி போட்ட புள்ளல்லா."

"நன்னாயி" என்று மருத்துவர் குறித்துக்கொண்டார். பிறகு, ஏன் கேட்டேன் தெரியுமா என்று விளக்கினார். புகையின் நஞ்சு நெஞ்சோடு நிற்பதில்லை, இரத்தத்தில் ஏறிக் கருப்பை வாய் வரை போய்ச் சேருகிறது, அங்கே காவலைத் தளர்த்துகிறது, ஊசி போட்டிருந்தாலும் அதன் பலன் குறையலாம் என்றார்.

நான் வியந்துபோனேன்... நெஞ்சு எங்கே, கருப்பை எங்கே! நான் உள்ளிழுத்தது அவ்வளவு தூரமா போயிற்று? அதைவிட, எனக்கே தெரியாமல், ஒரு சத்தமும் இல்லாமல், எனக்காக ஒரு போர் அங்கே நடக்கிறதே! கும்பிட வேண்டும் போலிருந்தது. கிள்ளக் கிள்ளக் கொழுந்து விடுகிற தேயிலைச் செடியைப் போல, என் உடம்பும் எத்தனை பொறுமையாய்த் தன்னைச் சரிசெய்துகொள்கிறது... அதன் கையைத்தானா நான் தினமும் கட்டிப்போட்டேன்?

அப்போதுதான் அம்மாவுக்குக் கேள்வியின் அர்த்தம் பிடிபட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் நோவுன்னுல்லா நெனச்சேன்! எம்மவகிட்டப் போயி பீடியக் கேக்காங்க பாரு."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளோடு சேர்ந்து சிரித்தேன். மருத்துவரும் சிரித்தார்.

விட்டுவிட்டாயா என்று கேட்காதீர்கள். குறைத்திருக்கிறேன்... நேற்றும் ஒன்று பிடித்தேன். அடுத்த மாதம் மறுபரிசோதனை. உள்ளே அந்தப் போர் எந்த நிலையில் இருக்கிறதோ, அறியேன்.

அந்த வேடிக்கையை அம்மா லயத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் தொலைபேசியில் அழைத்ததும் அவளுடைய முதல் கேலி அதுதான்.

"ஏட்டி, வலிக்குமோ?"

"இல்லம்மா" என்கிறேன். அவள் சிரிக்கிறாள்.