கரண்டும் காய்ச்சலும்

நோயாளியைப் படுக்கவைத்து, "பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, நாம் மட்டும் வெளியே ஓடிவந்துவிடும் உத்தியோகம் உலகத்தில் கதிர்வீச்சு டெக்னீஷியன் உத்தியோகம் ஒன்றுதான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கை வேர்த்தவர்களே, நானும் உங்கள் கட்சிதான். ஓசூர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு மெஷினோடு இருந்த வருடங்கள் முழுக்க எனக்கும் வேர்த்துக்கொண்டேதான் இருந்தது.

கனத்த கதவு

முனிராஜுக்கு ஊர் பேரிகை, ஓசூருக்குப் பக்கத்தில் தெலுங்கு பேசும் எல்லையோரக் கிராமம். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. வாயில் புற்று, கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. கதிர்வீச்சு என்று யாரும் எங்கள் பக்கத்தில் சொல்வதில்லை, 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். கரண்டு என்றால் ஷாக் அடிக்கும் என்று அந்த மனிதர் முடிவே கட்டியிருந்தார்.

கதிர் விழ வேண்டிய இடத்துக்கு அடையாளமாகக் கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டு, அசையக் கூடாது என்று சொல்லி, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பயம் வந்தால் அவருக்குத் தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிடும். உள்ளே பேசுவதை வெளியே கேட்கவைக்கும் ஸ்பீக்கரில் அவர் தெலுங்கில் சாமி பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்து எழுந்ததும் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "நல்லதுன்றீங்க. அப்புறம் நீங்க ஏன் சிஸ்டர் ஓடுறீங்க?"

டாக்டரின் ஊசி

எங்கள் டாக்டர் கரண்டோடு ஓர் ஊசியும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். குழந்தைகளுக்குக் கையில் போடும் காசநோய்த் தடுப்பூசியின் இனம் அது. கரண்டு கட்டியை அடிக்கும், ஊசி உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிடும், இரண்டும் சேர்ந்தால் பலன் கிடைக்கலாம் என்று விளக்கினார். 'கிடைக்கும்' என்று அவர் சொல்லவில்லை.

காய்ச்சல் வரும், வந்தால் உடம்பு முழித்துக்கொண்டது என்று அர்த்தம் என்றார். ஊசி போட்ட இடத்தில் கொப்புளம் வரும் என்றும் சொன்னார். ஆனால் முனிராஜின் மனைவி சாந்தம்மா, காய்ச்சல் என்ற வார்த்தையோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். முனிராஜ் மட்டும் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நைட் ஷிஃப்ட்ல தூங்குறவன சூப்பர்வைசர் எழுப்புறாப்புல. எழுந்தவன் யார அடிப்பான்னு தெரியாதே சார்!"

வாசலில் வேப்பிலை

கையில் ஊசி போட்டு அனுப்பிய சில நாளில், திடீரென்று ஆள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கரண்டு வைப்பதை நடுவில் விட்டால் கட்டி மறுபடி வளர ஆரம்பித்துவிடும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லீவு போட்டுவிட்டுப் பேரிகைக்குப் பஸ் ஏறினேன்.

வாசலில் வேப்பிலைக் கொத்து. காய்ச்சலும் கையில் கொப்புளமும் வந்ததைப் பார்த்து, அம்மை போட்டிருக்கிறது, மாரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று எல்லோரும் தீர்மானித்திருந்தார்கள். மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து முதல் தண்ணீர் தலைக்கு ஊற்றியும் ஆகிவிட்டது. உள்ளே பாயில் கிடந்தவரின் கழுத்தில் நான் போட்ட கோடு ஒன்றுகூட இல்லை. "மூணு தண்ணி ஊத்தாம அவரு படி தாண்டக் கூடாது" என்று சாந்தம்மா என்னையும் வாசலிலேயே நிறுத்தினாள்.

வந்தது மாரியம்மா இல்லை என்று சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை. ஆடி மாதம் அவளுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தானே நான். ரவிக்கைக் கையைச் சுருட்டி, என் தோளுக்குக் கீழே இருந்த சின்ன வயது ஊசித் தழும்பைக் காட்டினேன். "இந்த ஊசியோட இனம்தாங்க அது. இங்கயும் கொப்புளம் வந்துதான் ஆறுச்சு. அம்மைன்னா உடம்பெல்லாம் வரணுமே, அவருக்கு ஊசி போட்ட இடத்துல மட்டும்தானே இருக்குது?"

சாந்தம்மா என் தழும்பைப் பார்த்தாள், புருஷன் கையைப் பார்த்தாள், பிறகு சாமி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அங்கிருந்து திரும்பாமலே சொன்னாள்: "கூட்டிட்டுப் போங்க. ஆனா அவ கோவிச்சுக்கிட்டா நீங்கதான் பதில் சொல்லணும் சிஸ்டர்."

மறுபடியும் கோடு

டாக்டர் புதிதாக அளந்து சொல்லச் சொல்ல நான் கோடு போட்டேன். ஒரு விரற்கடை தள்ளிப்போனால் கட்டி தப்பித்துவிடும், நல்ல சதை வெந்துபோகும். அதன்பிறகு முனிராஜ் ஒரு நாளும் தவறாமல் வந்து முடித்தார்.

பிறகு பரிசோதனைக்கு வந்தபோது டாக்டரின் விரல் அவர் கழுத்தில் தேடித் தேடிப் பார்த்தது. கட்டி தட்டுப்படவில்லை. கரண்டா, ஊசியா, எது கரைத்தது என்று நான் கேட்டதற்கு, "தெரியலம்மா" என்றார் டாக்டர். யாருக்கும் சந்தோஷப்படத் துணிச்சல் வரவில்லை. அன்றைக்கே இன்னொரு ஊசியும் போட்டு அனுப்பினோம். சில நாளில் சாந்தம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இந்தத் தடவ காய்ச்சலே வரலியே சிஸ்டர், உடம்புக்குள்ள எல்லாரும் மறுபடி தூங்கிட்டாங்களா?"

காய்ச்சல் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம் என்று ஆகிவிட்ட பிறகும், "பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.