பூசைக்கு வைத்த துவக்கு

மற்ற வீடுகளில் அப்பாமார் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தார்கள். எங்கள் வீட்டில் நான் அப்பாவுக்கு வாசித்தேன், அதுவும் துவக்குச் சஞ்சிகை, துப்பாக்கிகளைப் பற்றிய மாத இதழ். எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் இலங்கையிலிருந்து மெல்பேணுக்கு வந்து, நோபல் பார்க்கில் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்த இரண்டாவது வருடம். எனக்குப் பத்து வயது. வீட்டில் இங்கிலிஷ் தடக்குப்படாமல் வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். அமெரிக்காவில் எந்தத் துவக்குத் தொழிற்சாலை யாருக்குக் கைமாறியது, எந்தக் கம்பனி மரக்கட்டைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கட்டை போடப் பார்க்கிறது, இராணுவங்கள் பெரிய குண்டைக் கைவிட்டுச் சின்னக் குண்டுக்கு மாறுவது புத்தியா என்பதையெல்லாம் நான் வாசிக்க, அப்பா கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் கேட்பவர்போலக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு ஒன்றும் விளங்காது. வீட்டில் என்ன வாசிக்கிறீர்கள் என்று வகுப்பில் ஆசிரியை ஒருநாள் கேட்டபோது நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் காணும்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தார்.

அப்பா ஊரில் வவுனியாப் பக்கம் குளங்களைப் பார்க்கும் ஓவசியராக இருந்தவர். காட்டு யானை வருகிற இடம் என்பதால் துவக்கும் அதற்கான அனுமதிப் பத்திரமும் வைத்திருந்தார். குறி தவறாதவர் என்று பெயர். மெல்பேணில் அந்தப் பெயரை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. டண்டினோங்கில் கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மெஷினுக்கு முன்னால் நாளுக்கு எட்டு மணித்தியாலம் நின்றார். அந்தச் சத்தம் அவருடைய இடது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்து மெஷின்காரருக்கு இரண்டு விரல் போனதை அவர் அம்மாவுக்குச் சொல்லவில்லை. விபத்து அறிக்கையில் சாட்சிக் கையெழுத்து வைக்கமுன் என்னிடம் வாசிக்கத் தந்ததால் எனக்கு மட்டும் தெரியும்.

அந்தத் தொழிற்சாலையில் அப்பாவோடு மனிதராகக் கதைத்தவர், வேலையை மேற்பார்க்கும் போர்மன் ஒருவர்தான். உலக யுத்தத்தில் நியூ கினிக் காட்டுக்குள் துவக்குத் தூக்கித் திரிந்தவர். சஞ்சிகையும் அவருடையதுதான், மாதாமாதம் வாசித்து முடித்து அப்பாவிடம் தருவார். அப்பாவின் இங்கிலிஷ் கடைக்குப் போனாலே தலையைக் குனிந்துகொள்ளும். துவக்கு என்று வந்துவிட்டால் அதற்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் பிறக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் குழல், குண்டு, கட்டை என்று மணி அடிக்கும்வரை கதைப்பார்களாம். சாமான் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் நத்தார்ப் பண்டிகையோடு வேலையை விட்டுப் போக இருந்தார். அந்த இடத்துக்கு அப்பாவின் பெயரைச் சொல்லப்போவதாகப் போர்மன் சொல்லியிருந்தார். களஞ்சியத்தில் சத்தம் இல்லை, விரல் போகாது, உட்கார்ந்து வேலை செய்யக் கதிரையும் உண்டு. எங்கள் வீட்டில் அந்த வருடம் கடவுளிடம் கேட்டது அந்தக் கதிரையைத்தான்.

போர்மன் வழிகாட்ட அப்பாவும் ஒரு துவக்கு வாங்கினார். இராணுவம் கழித்து விற்ற பழைய துவக்கு. யாரோ அதன் முன்பக்க மரத்தை அறுத்துக் குழலைக் குறுக்கி, முயல் நரி சுடுகிற துவக்காக மாற்றியிருந்தார்கள். அதன் முதுகில் புதிதாக ஒரு ஜப்பான் ஸ்கோப் பூட்டப்பட்டது. ஸ்கோப் என்பது குறிபார்ப்பதற்கான சிறிய தொலைநோக்கி. அதற்குள் சிலுவைபோல இரண்டு கோடுகள் தெரியும், கோடுகள் வெட்டுகிற இடத்தில் குண்டு போய் விழவேண்டும். நவராத்திரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா சுடுதிடலுக்குப் போய், அப்படி விழும்வரை ஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டு வந்தார். அன்றைக்கு அவர் வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்த்து அம்மாவே சிரித்துவிட்டார்.

ஆனால் சரஸ்வதி பூசையன்று அம்மா சிரிக்கவில்லை. படத்துக்கு முன்னால் பாய் விரித்து என்னுடைய பாடப்புத்தகங்களையும், தன்னுடைய தையல் மெஷினையும், அப்பாவின் ஸ்பானர்களையும் அம்மா வைத்து முடிக்க, அப்பா துவக்கைக் கொண்டுவந்து கிடத்தினார்.

"வெள்ளைச் சீலை உடுத்த தெய்வத்துக்கு முன்னாலை கொலைச் சாமானை வைக்கிறதே?" என்றார் அம்மா.

ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் வேறென்னத்தை வைக்கிறது என்று அப்பா கேட்டார். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் ஆணித்தாழைத் துவக்கிலிருந்து கழற்றிக் குண்டுகளோடு சேர்த்து அலுமாரிக்குள் பூட்டியாகிவிட்டது, அது இப்போது வெறும் இரும்பும் மரமும்தான் என்று சொல்லி, ஸ்கோப்புக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார். மறுநாள் காலைவரை பூசைக்கு வைத்த எதையும் தொடக்கூடாது, தொட்டால் சரஸ்வதி படிப்பைப் பறித்துவிடுவா என்று எனக்கு மட்டும் தனியாக எச்சரிக்கை தரப்பட்டது.

அம்மா குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார், அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அலுமாரியை விட்டு வெளியே ஒருபோதும் தனியாகக் கிடக்காத துவக்கு அன்றைக்குப் பாயில் கிடந்தது. பாயில் குப்புறப் படுத்து ஸ்கோப்புக்குள் கண்ணை வைத்தேன். யன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டு எலுமிச்சை மரம் தெரிந்தது, ஆனால் கலங்கலாக. ஊர் வானொலியைச் சிற்றலையில் பிடிக்கும்போது இரைச்சல் போகும்வரை பொத்தானைத் திருகவேண்டும் என்பது எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஸ்கோப்பின் மேலே ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு சின்ன மூடிகள் இருந்தன. கழற்றினேன். உள்ளே இருந்த திருகுகள் டிக், டிக் என்று சுழன்றன. படம் தெளியவில்லை. குளியலறைத் தண்ணீர் நின்ற சத்தம் கேட்டதும் மூடிகளைப் பூட்டிவிட்டு எழுந்து, நல்ல பிள்ளையாகச் சகலகலாவல்லி மாலையைப் படிக்கத் தொடங்கினேன்.

அடுத்த ஞாயிறு, கிப்ஸ்லாந்துப் பக்கம் தன்னுடைய தம்பியின் பண்ணைக்கு முயல் சுட வரும்படி போர்மன் அப்பாவை அழைத்திருந்தார். மொழிபெயர்க்க நானும் போனேன். அம்மா ஒரு பெட்டி நிறைய மீன் கட்லட் கட்டித் தந்தார். களஞ்சியக் கதிரை அநேகமாக அன்றைக்கே முடிவாகும் என்று எல்லாரும் நினைத்தோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பண்ணையில் யாரும் முயலைப் பற்றிப் பேசவில்லை. போர்மன் வேலியில் சாய்ந்து நின்றார். குட்டியிலிருந்து அவரே வளர்த்து, தம்பியிடம் விட்டுவைத்திருந்த பெண் குதிரை ஒன்று, விடியற்காலையில் முயல் வளைக்குள் முன்கால் போய் எலும்பு முறிந்து நின்றது. மண்ணிறம், நெற்றியில் வெள்ளை. முறிந்த கால் முழங்காலுக்குக் கீழே பழந்துணிபோல ஆடியது. யாராவது கிட்டப் போனால் மூன்று காலில் ஓடப் பார்த்து விழுந்தெழும்பியது. இனி அதற்குச் செய்யக்கூடியது ஒன்றுதான். தம்பி அதற்குத் துவக்கு எடுத்து வந்திருந்தார். போர்மன் அவரை விடவில்லை, தானும் வாங்கவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

நான் அப்பாவுக்குச் சொன்னேன். தன்னால் முடியாதாம், தம்பியின் குறியில் நம்பிக்கை இல்லையாம், நீங்கள் செய்தால் அது நோகாமல் போகுமாம்.

"கிட்டப் போகேலாதோ எண்டு கேள்," என்றார் அப்பா.

முடியாது என்றார் போர்மன். அப்பா என்னைக் காருக்குள் போய்க் கண்ணை மூடச் சொன்னார். நான் போனேன், மூடவில்லை. அப்பா வேலிக் கட்டையில் துவக்கைச் சாத்தி, மூச்சை விட்டு, வெகுநேரம் எடுத்துச் சுட்டார்.

குதிரையின் கீழ்த்தாடை இல்லாமல் போயிற்று. அது கத்தியதை நான் எழுதப்போவதில்லை. அப்பா அவசரமாக ஆணித்தாழை இழுத்து மறுபடி சுட்டார், அது தோளுக்குப் பின்னால் எங்கேயோ பட்டது. போர்மன் தம்பியின் கையிலிருந்த துவக்கைப் பறித்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினார். விழுந்து கிடந்த குதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து தானே முடித்தார்.

திரும்பி வந்தவரின் கம்பளிச் சட்டை முழுக்க இரத்தம். அவர் சத்தம் போடவில்லை. உனக்குச் சுடத் தெரியும் என்றல்லவா சொன்னாய் என்று இங்கிலிஷில் மெதுவாகச் சொல்லிவிட்டு வீட்டை நோக்கி நடந்தார்.

"என்ன சொன்னவர்?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"பரவாயில்லையாம் அப்பா."

அந்த ஒரு வசனத்துக்கு அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது. இருந்தாலும் ஓம் என்று தலையாட்டினார். கட்லட் பெட்டி திறக்கப்படாமலே வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு சஞ்சிகை வரவில்லை. அப்பா தனியாக இருந்து சாப்பிட்டார். களஞ்சியத்துக்கு இளம் பெடியன் ஒருவனைப் போட்டார்கள், போர்மனுக்கு அவனைப் பெரிதாகப் பிடிக்காதாம். பூசையில் கொலைச் சாமானை வைத்ததற்குச் சரஸ்வதி தந்த தண்டனை என்று அம்மா கறி நறுக்கும்போதும் சொன்னார், உடுப்பு மடிக்கும்போதும் சொன்னார். ஆனால் பூசையில் கைவைத்தது நான். தெய்வம் முகவரி மாறி அப்பாவைத் தண்டித்துவிட்டது என்று உறுதியாக நம்பினேன். அந்தத் திருகுகளுக்கும் குதிரையின் தாடைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எனக்கு ஒருகணம்கூடத் தோன்றவில்லை. பாவம் என்றால் தொட்டதுதான் பாவம்.

சில கிழமைகள் கழித்து அப்பா துவக்கை விற்க முடிவுசெய்தார். கடைக்காரரோடு பேச நான் தேவைப்பட்டேன். போகிற வழியில் சுடுதிடலில் காரை நிறுத்தினார், மிஞ்சியிருந்த குண்டில் மூன்றைச் சுட்டுப் பார்க்கவாம். காற்று அடித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் வட்டம் போட்ட தாளுக்கு மூன்று முறை சுட்டார். எல்லாரும் சுட்டு ஓய்ந்து மணி அடித்ததும் போய்த் தாளைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

எட்டிப் பார்த்தேன். நடு வட்டம் துப்புரவாக இருந்தது. மூன்று ஓட்டைகளும் கீழே வலது மூலையில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. மூன்றில் ஒன்றுகூட வட்டத்தில் படவில்லை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த கிழவர் வந்து தாளைப் பார்த்து ஏதோ சொல்லி அப்பாவின் தோளில் தட்டினார். இந்த நாட்டில் தோற்றவனைக்கூடத் தட்டிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்பா ஸ்கோப்பின் இரண்டு மூடிகளையும் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"குளிருதோ பிள்ளை?"

ஓம் என்றேன். தன்னுடைய கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டு, தாளை நாலாகக் கிழித்துக் குப்பை வாளிக்குள் போட்டார்.

முப்பது வயது தாண்டிய பிறகுதான், நரி சுடப் போகும் ஒரு சக ஊழியர் மதியச் சாப்பாட்டு மேசையில் பேச்சுவாக்கில் விளக்கினார். கை பிழைத்தால் ஓட்டைகள் தாள் முழுவதும் சிதறிக் கிடக்குமாம். மூன்றும் ஒரு சில்லறைக் காசுக்கு அடியில் அடங்கும்படி ஓரிடத்தில் விழுந்தால், அது மிக நல்ல கை. பிழை ஸ்கோப்பில், யாரோ அதைத் திருகியிருக்கிறார்கள். நான் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அந்தக் கிழித்த தாள் ஒன்று போதும், அப்பா அதைப் போர்மனின் மேசையில் வைத்திருக்கலாம். வைத்திருந்தால், வீட்டில் யார் திருகினது என்ற கேள்வி வந்திருக்கும். பத்து வயதுப் பிள்ளை தான் ஒரு குதிரையை என்ன செய்தேன் என்று தெரிந்துகொண்டு வளர்ந்திருக்கும். அதைவிடத் தனக்குச் சுடத் தெரியாது என்று ஆகிவிடுவது மேல் என்று அவர் அந்தக் காற்றுக்குள் நின்று முடிவுசெய்திருக்கிறார். இன்னும் பதினொரு வருடம் பிரஸ் மெஷினுக்கு முன்னால் நின்றார். இடது காது முழுதாகவும் வலது காது பாதியும் போயிற்று. நான் விளங்கிக்கொண்டு கேட்கப் போனபோது, கேட்பதற்கு அவர் இருக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், சுட்டுப் பார்த்தீர்களா என்று அம்மா கேட்டார்.

"ஓம். கண் பிழைச்சுப் போச்சுது எண்டுதான் நினைக்கிறன்," என்றார் அப்பா. "வயது போகுதெல்லே."

பக்கத்தில் நின்ற எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அப்படியென்றால் குற்றம் என்னுடையதில்லை, அப்பாவின் கண்ணுடையது. பல நாளுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. இரண்டாம் தரமும் புட்டுக் கேட்டு வாங்கினேன். அப்பா தன்னுடைய சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த பொரித்த மீன் துண்டை எடுத்து என்னுடைய கோப்பையில் வைத்தார். பாவம், கண் தெரியாமல் மாறி வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் கவனிக்கமுன் அதை அவசரமாகச் சாப்பிட்டு முடித்தேன்.