மறுமுறை செய்யாத இணைச்சீர்

போன தை மாதம், தாராபுரம் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் என் பேரனுக்குக் கல்யாணம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அன்றைய மணப்பெண்தான்.

பேரனுக்கு ஒரே அக்கா. அம்மா இல்லாத வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தவள். கட்டிக்கொடுத்ததும் கனடா போனவள், இந்தக் கல்யாணத்துக்குத்தான் முதல்முறையாக ஊருக்கு வந்தாள். எங்கள் பக்கம் முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ செய்வது. மடித்த சேலையின் ஒரு முனை தம்பியிடம், மறுமுனை அக்காவிடம். காப்பி தண்ணியாக இருக்கிறதென்று சமையல்காரரோடு சண்டை பிடிக்கப் போயிருந்த நான், அதையும் விட்டுவிட்டு ஓடி வந்தேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

சீர் முடிந்த கொஞ்ச நேரத்தில் போட்டோகாரத் தம்பி முகம் வெளுத்து நின்றார். பழைய கல்யாணத்து மெமரி கார்டு என்று நினைத்து, சீர் பிடித்த கார்டையே ஃபார்மெட் செய்துவிட்டாராம். ஒவ்வொரு படமாக அழித்தால் நேரமாகுமென்று மொத்தமாகத் துடைப்பதுதான் வழக்கமாம். சொந்தக்காரர்கள் செல்போனில் எடுத்ததையெல்லாம் பார்த்தோம். எல்லாவற்றிலும் போட்டோகாரரின் முதுகுதான் இருந்தது!

"எனக்குன்னு அது ஒண்ணுதான அப்பத்தா" என்று பேத்தி நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"அஞ்சே நிமிசமுங்க. மறுக்காச் சேலையப் புடிச்சு நில்லுங்க, இதே கார்டுலயே எடுத்துப்போடறேன்" என்றார் போட்டோகாரர். என் மகன் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு வந்ததே கோபம். "இணைச்சீரு மறுக்காச் செஞ்சா மறுக்கா ஒரு கண்ணாலம்னு ஆயிருமுங்க. பொண்ணுகிட்டக் கேட்டுட்டு வாங்க!"

"நான் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்று இப்போது எழுதிக்கொண்டே சிரிக்கிறாள் அந்தப் பொண்ணு.

"சும்மா நிக்கறதுதானுங்க பாட்டி, சீரு இல்லீங்க."

"சும்மா நிக்கறதுக்கு என்ற பேத்தி துணிக்கடை பொம்மையா? அந்தக் கார்டைக் கழட்டிக் குடு தம்பி."

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். முகூர்த்தத்துக்கு வேறு கார்டு போட்டுக்கொண்டார். படமும் போச்சு, நடிப்பதற்கும் கிழவி விடவில்லை என்று மண்டபமே முணுமுணுத்தது. பேத்தி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அதுதான் வலித்தது. ஆனாலும் நான் மசியவில்லை.

மறுநாள் அவளுக்கு விமானம். போகும் வழியில் கோயமுத்தூரில், போன படங்களை மீட்டுத் தரும் கடை ஒன்று இருப்பதாகப் போட்டோகாரர் சொன்னார். கார்டை ஒருத்தரிடமும் தரமாட்டேன் என்று அவரோடும் மகனோடும் நானும் பேத்தியின் வண்டியில் ஏறினேன். போகிற வழியெல்லாம் ஒரே வாந்தி, அது வேறு கதை.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "அழிச்சதுக்கப்புறம் இதுல புதுசா ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"ஒண்ணுகூட எடுக்கலீங்க, பாட்டி உடலீங்க" என்றார் போட்டோகாரர்.

"அப்பப் பொழச்சீங்க. ஒவ்வொண்ணா அழிச்சாலும் சரி, ஃபார்மெட் பண்ணுனாலும் சரி, பெரும்பாலும் எந்தப் படம் எங்கிருக்குங்கற குறிப்புத்தானுங்க போகும். படம் உள்ளயேதான் கெடக்கும். அதும்மேல புதுசு ஏறுனாத்தான் பழசு நெசமாவே போகும்."

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக வந்தன. சேலை வந்தது. தம்பி வந்தான். அவன் கண்மை கலைந்ததை அக்கா விரல் நுனியால் துடைக்கிற படம் வந்தபோது, பேத்தி என்னைக் கட்டிப்பிடித்து, "அப்பத்தா, நீ செயிச்சுப்போட்ட!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். போட்டோகாரர் கையெடுத்துக் கும்பிட்டார். என் மகன் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார்டைப் பற்றி எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் செய்த சீருக்கு மேல் பொய்யாக இன்னொரு சீரை ஏற்ற விடாமல் தனியாக நின்றேனே, அதை நினைக்கும்போதெல்லாம் இந்த வயதிலும் என் முதுகு தானாக நிமிர்கிறது.