கம்பனி மணியும் மாடசாமியின் எட்டு மறைப்புகளும்

இலங்கை மலையகத்தில், எல்கடுவப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலை பெக்டரியில் மாடசாமி கொழுந்து உலர்த்தும் மெஷின் பார்க்கிறார். வயது நாற்பத்தாறு. மேகமில்லாத இரவுகளில் தான் குடியிருக்கும் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கெமராவை நிறுத்தி ஒரே விண்மீனைப் படமெடுப்பார். விண்மீன் ஆய்வுக்காக வெளிநாடு போகுமுன் கெமராவைக் கொடுத்து, அந்த விண்மீனையும் அடையாளம் காட்டியவள் நான்.

அது உண்மையில் இரண்டு விண்மீன்கள். சுற்றிவரும்போது ஒன்று மற்றதை மறைக்கும், வெளிச்சம் மங்கும். மங்கும் நேரம் ஆண்டுக்காண்டு கொஞ்சம் நகரும். அந்த நகர்வை அளந்தால் விண்மீனின் உட்புறம் எவ்வளவு செறிவானது என்று தெரியும். விண்மீன்கள் முதிர்வது பற்றி நாங்கள் போட்டிருக்கும் கணக்குகள் சரியா என்றும் பார்க்கலாம்.

நான்கு ஆண்டுகளில் மாடசாமி எட்டு மறைப்புகளின் படங்களை அனுப்பினார். அவருடைய பெக்டரி மணிக்கூடு அரை மணி முன்னே ஓடும்; ஆட்களைச் சீக்கிரம் வேலைக்கு இழுக்க அப்படி வைத்திருந்தார்கள். கெமராவிலும் அந்த நேரம்தான் இருக்கும் என்று நானே முடிவுசெய்து, எட்டிலும் அரை மணியைக் கழித்தேன். எதனோடும் பொருந்தவில்லை. எட்டையும் தூக்கிப் போட்டேன். கணக்கு சரியா பிழையா என்று சொல்லமுடியாது என்று என் கட்டுரை வெளிவந்தது. அவர் பெயர் இல்லாமல்.

ஊர் திரும்பி, போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன்.

"பேரு வந்துருச்சா தங்கச்சி?" என்றார் அவர் மனைவி தங்கேஸ்வரி. "லயமெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. இப்ப இவருக்குப் பேரே நட்சத்திரக் கங்காணி."

"இல்லக்கா. அண்ணே, உங்க பெக்டரி மணிக்கூட்டாலதான்…"

மாடசாமி சிரித்தார். "அது கம்பனி மணி. நம்மள ஏமாத்த வச்சது. அத வச்சு நட்சத்திரத்தயும் ஏமாத்துவேனா? ஒவ்வொரு தடவையும் போன்ல மணி பாத்துதான் கெமராவுக்கு நேரம் வைப்பேன்."

லெப்டொப்பைத் திறந்து, கழித்த அரை மணியைத் திரும்பக் கூட்டினேன். எட்டுப் புள்ளிகளும் கணக்கு சொன்ன கோட்டின்மேல் உட்கார்ந்தன. செய்ததைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"போகஸ் சரியில்லன்னாக்கூட எனக்கு கோல் எடுத்துக் கேப்பீங்க," என்றார். "இத மட்டும் கேக்கல."

"தோட்டத்து ஆளுக்கு என்னா தெரியும்னு நெனச்சிருப்பாங்க," என்றார் தங்கேஸ்வரி.

அங்கேயே கட்டுரை வெளிவந்த சஞ்சிகைக்குத் திருத்தக் கடிதம் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினேன். எட்டு மறைப்புகளும் அவர் பதிந்தவை, நேரத்தை நான் பிழையாகத் திருத்திவிட்டேன் என்றிருந்தது.

"கேக்காம திருத்துனேன்னு எழுதுங்க," என்றார் மாடசாமி.

எழுதினேன். அவர் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டேன். அவர் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.