ஃபாஸ்டேக்கைச் சுற்றிய தூசி

அப்பாவின் சரக்கு வண்டிக்கு ஃபாஸ்டேக் வாங்கியது நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்து, இன்று கம்பெனி பஸ்ஸில் இங்கேயே இருக்கும் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவள். டேக்கை என் போன் எண்ணிலேயே பதிந்தேன். "உங்க போனுக்கு மெசேஜ் வந்தா என்னப்பா பண்ணுவீங்க?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பெங்களூருக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவருக்கு டோல் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். கடன் வாங்கி ரோடு போடுகிறார்கள், அதில் ஓடுகிற வண்டிகளிடம் வசூலித்து அடைக்கிறார்கள், பராமரிப்பும் அதிலிருந்துதான் என்றேன்.

"அப்ப வண்டிக்கு நாங் கட்டுற டேக்ஸு, டீசலுக்குக் கட்டுறது, அதெல்லாம் எந்த ரோட்டுக்கு அம்முணி?"

"அது வேறப்பா" என்று முடித்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். முன்கண்ணாடி பளபளத்தது. உள்ளே டேக் ஒட்டியிருந்த இடத்துக்கு நேரே மட்டும் சதுரமாகத் தூசி.

"அங்கயும் தொடைங்கப்பா."

"வேண்டாங் கண்ணு. தண்ணி பட்டுத்தான் அது கெட்டுப்போச்சு."

மூன்று வாரமாக டேக் வேலை செய்யவில்லையாம். ஒவ்வொரு முறையும் டோலில் இரண்டு மடங்கு கட்டியிருக்கிறார். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, பூத்தில் இருந்தவர், "ஏனு யஜமான்ரே, தினா இதே கதேனா?" என்று, தினமும் இதே கதையா எனக் கன்னடத்தில் கேலி செய்திருக்கிறார்.

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஆசையா வாங்கிக் குடுத்ததக் கெடுத்துப்போட்டேன்னு எப்படிச் சொல்றது?"

போனைத் திறந்தேன். ஆர்.சி. புத்தகத்தின் படத்தை மறுபடி அனுப்பச் சொல்லி, டேக் கொடுத்த வங்கியிலிருந்து ஐந்து குறுஞ்செய்திகள். ஏதோ விளம்பரம் என்று நான் படிக்காமல் தள்ளியவை. படம் வராததால் டேக்கை நிறுத்திவிட்டார்கள். பத்து நிமிட வேலை அது.

உடனே அனுப்பினேன். இரண்டு நாளில் டேக் சரியானது. தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் வாசலுக்கு வந்தேன். அதற்குள் அப்பா பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நாங் கெடுத்தத எம்பொண்ணு ஒக்காந்த எடத்துலயே சரி பண்ணிப்போட்டா!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆமாம் என்பதுபோல் சிரித்துவைத்தேன்.

இப்போதும் வண்டி கழுவும்போது அந்தச் சதுரத்தில் அவர் துணி படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாளியை எடுத்தால் நான் உள்ளே போய்விடுகிறேன்.